கழற்றிய எஞ்சினை வீட்டிலேயே வண்டியில் ஏற்றலாமா, கராஜுக்குக் கொடுப்பதா?

வெள்ளவத்தை மூன்றாம் மாடி:
என் பழைய 125 சிசி மோட்டார் சைக்கிளின் எஞ்சின், கியர் பொக்ஸோடு ஒரே உறையாக, தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் சாக்கில் சுற்றிக் கிடக்கிறது. பஞ்சிகாவத்தையில் சிலிண்டரைப் போர் அடித்து, அதாவது உட்சுவரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டாயிற்று. சென்ற முறை கராஜில் ஏற்றியபோது மூன்று போல்ட்டுகள் இல்லாமலே வண்டி திரும்பி வந்தது. இந்தச் சனிக்கிழமை மச்சானும் நானுமே ஏற்றப்போகிறோம். கார் ஜக் ஒன்று இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக் கராஜ்காரர்:
வேண்டாம் தம்பி. பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. வீட்டில் ஏற்றிய வண்டிகள் என்னிடம் ஒரே நோயோடுதான் வருகின்றன. முதல் போல்ட்டை இறுக்கிவிட்டு மற்றவற்றைச் சுத்தியலால் அடித்து ஏற்றியிருப்பார்கள். அலுமினிய உறையில் போல்ட் நுழையும் காது வெடித்திருக்கும். அதை ஒட்டும் செலவு என் கூலியை விழுங்கிவிடும்.

வெள்ளவத்தை மூன்றாம் மாடி:
காது வெடிப்பது அவசரத்தால், அண்ணா. ஜக்கை நூலளவு ஏற்றி இறக்கினால் போல்ட் விரலால் தள்ளவே உள்ளே போகும். எல்லாவற்றையும் கையால் பூட்டிய பிறகுதான் ஸ்பானரைத் தொடுவேன். மாலைக்குள் நான்கு வண்டி முடிக்க வேண்டியவருக்கு இந்தப் பொறுமை வருமா?

தெஹிவளை மழைப்பயணி:
நானும் வீட்டில்தான் ஏற்றினேன். எல்லாம் பூட்டி முடித்து ஸ்டார்ட்டரை அழுத்தினேன். எஞ்சின் ஒருமுறை முனகியது. கிளட்ச் கேபிளிலிருந்து புகை! எஞ்சினுக்கு வரும் நெகற்றிவ் வயரைப் பூட்ட மறந்திருக்கிறேன். வண்டியின் சட்டத்துக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்ததால் போல்ட்டுகள் வழியாகவும் மின்சாரம் சரியாகப் போகவில்லை. கிடைத்த வழி கேபிளின் உள்கம்பி. உறை உருகி என் கால்சட்டையில் ஒட்டியது. ஆனாலும் அடுத்த முறையும் வீட்டில்தான்.

கொட்டாஞ்சேனைக் கராஜ்காரர்:
இதைத்தானே சொல்கிறேன்!

வெள்ளவத்தை மூன்றாம் மாடி:
கராஜில் மறப்பதே இல்லையா? என் மூன்று போல்ட்டுகள் எங்கே?

கொட்டாஞ்சேனைக் கராஜ்காரர்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது என் கராஜ் அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

சரி, பிடிவாதம் பிடிக்கிறீர்கள். ஜக்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் பலகை வையுங்கள். ஒயில் இறக்கும் போல்ட்டின் மேல் பாரம் விழக்கூடாது. சைலன்சர் வாய்க்குப் பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடவேண்டாம், புதிது வாங்குங்கள். புது ஒயில் விட்டதும் பிளக்கைக் கழற்றி, சாவி போடாமல் இருபது முப்பது முறை கிக் அடியுங்கள். ஒயில் மேலே ஏறாமல் ஸ்டார்ட் செய்தால் போர் அடித்த காசு பாழ்.

போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இருக்கிறதா?

வெள்ளவத்தை மூன்றாம் மாடி:
இல்லை. கைப்பக்குவம்தான்.

கொட்டாஞ்சேனைக் கராஜ்காரர்:
கைப்பக்குவம் எனக்கே சில நாள் பொய்த்திருக்கிறது. வெள்ளி மாலை வந்து என்னுடையதை எடுத்துப்போங்கள். திங்கள் காலை கடை திறக்குமுன் திரும்பி வந்துவிட வேண்டும்.