ராட்டில் பாம்பை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

டூசான்வாசி:

போன செப்டம்பரில் ஊரிலிருந்து அம்மா இங்கே அமெரிக்காவுக்கு, அரிசோனா மாநிலத்துக்கு வந்திருந்தார். வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் உள்ள வறண்ட ஓடையோரம் இருவரும் நடப்போம். ஒருநாள் திரும்பி வரும்போது சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அங்க பூச்சி கிடக்கு." பொழுது சாய்ந்தால் அதன் பேரைச் சொல்ல மாட்டார், எங்கள் வீட்டு வழக்கம்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கல், சருகு, முள். கொஞ்ச நேரம் கழித்து வாலில் இருந்த கறுப்பு வெள்ளை வளையங்கள் மட்டும் கண்ணில் பட்டன. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் மிச்ச உடம்பைக் கண்டுபிடித்தேன். வெஸ்டர்ன் டைமண்ட்பேக் என்ற ராட்டில் பாம்பு, அதாவது வால்நுனியில் கிலுகிலுப்பை உள்ள விஷப்பாம்பு, நாலடி தேறும். பாதையிலிருந்து இரண்டு முழம். போகும்போதும் அதே இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறோம். அது வாலை அசைக்கக்கூட இல்லை.

"இந்த ஊர்ப் பாம்பு மணியடிச்சிட்டுத்தான் கடிக்கும்னு சொன்னியே?" என்றார் அம்மா. நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன்.

பிறகு படித்துப் பார்த்தால், கிலுகிலுப்பை அதன் கடைசிக் கட்ட வேலை. முதல் வேலை மண்ணோடு மண்ணாகக் கிடப்பது. எலி போகும் தடத்தைக் கண்டுபிடித்து, பக்கத்தில் சுருண்டு, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்திருக்கும் பிராணி அது. சத்தம் போட்டால் இரை ஓடிவிடும், பருந்துக்கும் இடம் தெரிந்துவிடும். மனிதர்கள் அடித்துக் கொன்றதால் அது கிலுக்குவதையே மறந்துவிட்டது என்று இங்கே ஒரு கதை உலாவுகிறது. எனக்கு நம்பிக்கையில்லை. அது எப்போதுமே இப்படித்தான் கிடந்திருக்கிறது, நாம்தான் பார்த்ததில்லை.

அரிசோனாவில் மட்டும் ராட்டில் பாம்பில் 13 இனங்கள் இருக்கின்றன, வேறெந்த மாநிலத்திலும் இத்தனை கிடையாது. உங்கள் ஊர்க் கதைகளையும் சொல்லுங்கள்.

ஃப்ரீமாண்ட் மாமி:

இங்கே கலிபோர்னியாவில் மிஷன் பீக் மலை ஏறும்போது நான் பார்த்தது பாம்பைவிட அணிலை. அங்கே வளையில் வாழும் தரையணில் உண்டு, நம்மூர் மூன்று கோட்டு அணிலைவிட நல்ல பெரிசு. ஒன்று பாம்புக்கு நேர் எதிரே நின்று வாலைக் கொடி மாதிரி ஆட்டி, காலால் மண்ணை வாரி அது முகத்தில் அடித்தது! எங்கள் கூட்டமே மூச்சுவிடாமல் நின்றது. பாம்புதான் கடைசியில் நகர்ந்து போனது.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ராட்டில் பாம்பு குழிவிரியன் வகை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் குழியால் உடம்புச் சூட்டை 'பார்க்கும்'. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் காணும் குழிவிரியனுக்கும் இதே குழிதான். அணிலுக்கு இது எப்படித் தெரியுமோ, ராட்டில் பாம்பைக் கண்டால் வாலுக்கு ரத்தத்தை ஏற்றி அதைச் சூடாக்கிக்கொண்டு ஆட்டுகிறது. சூட்டை உணரத் தெரியாத கோஃபர் பாம்பு வந்தால் வாலை ஆட்டும், சூடேற்றாது. டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 2007-இல் இதைச் சோதித்தே காட்டினார்கள். போதாததற்கு, பாம்பு உரித்த சட்டையை மென்று தன் உடம்பிலும் குட்டிகள் மேலும் நக்கிப் பூசிக்கொள்ளும், தன் வாடையை மறைக்க. வளர்ந்த அணிலின் ரத்தத்துக்கு விஷத்தை ஓரளவு தாங்கும் சக்தியும் உண்டு. பாவம், பாம்புக்கு இரையாவது பெரும்பாலும் குட்டிகள்தான்.

எல் பாசோ:

நான் சத்தம் கேட்டவன். அதைச் சொல்றேன்.

ஃபிராங்க்லின் மலையில தனியா போயிட்டிருந்தேன். மழை நாள்ல எண்ணெய்ச் சட்டியில அப்பளம் போட்ட மாதிரி ஒரு சத்தம். முதல்ல மெதுவா விட்டு விட்டு வந்துச்சு. ஒரு அடி வச்சேன், டக்குனு ஒரே இரைச்சலா மாறிடுச்சு. காலடியிலதான் இருக்குன்னு நினைச்சு கத்திட்டேன். பாத்தா பத்தடி தள்ளி ஒரு பாறைக்குக் கீழே கிடக்கு.

நான்தான் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சேன். இல்லையாம். 2021-ல வந்த ஆராய்ச்சி: ஆள் நெருங்க நெருங்க வால் அசைவு நொடிக்கு 40 தடவை வரைக்கும் படிப்படியா ஏறுது, அப்புறம் திடீர்னு 60–100-க்குத் தாவுது. அந்தத் தாவல்ல நம்ம மூளை ஏமாந்து, இருக்கிற தூரத்தைவிடக் கிட்டன்னு நினைச்சுக்குது. ஒரு வால் நுனியை வச்சுக்கிட்டு என்ன வேலை பண்ணுது பாருங்க.

இன்னொண்ணு. கிலுகிலுப்பை அடுக்கை எண்ணி வயசு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் ஒரு அடுக்கு கூடும். வருஷத்துக்குச் சில தடவை உரிக்கும், நுனி உடைஞ்சும் போகும். அது நம்ம நகம் மாதிரி கெரட்டின்தான், உள்ளே மணி கிணி ஒண்ணும் இல்ல. அடுக்கும் அடுக்கும் உரசுற சத்தம்.

மேசா (கடி வாங்கியவன்):

எனக்குத் தோட்டத்தில் நடந்தது. இருட்டில் தண்ணீர்க் குழாயைச் சுருட்டக் கை விட்டேன். சத்தமே இல்லை, சுத்தியலால் விரலில் அடித்தது போல் இருந்தது. ஊரில் பார்த்த பழக்கத்தில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிவிட்டேன். ஆம்புலன்ஸில் வந்தவர் முதல் வேலையாக அதை அவிழ்த்தார், மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாதாம். முழங்கை வரை வீங்கியது. வீக்கம் ஏற ஏற நர்ஸ் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதிக்கொண்டே வந்தார். அந்தக் கோடுகள் ஒரு வாரம் அழியவில்லை.

இங்கே குழிவிரியன் விஷத்துக்கு இரண்டு வகை முறிமருந்து இருக்கிறது, ஒன்று ஆட்டின் ரத்தத்திலிருந்து, மற்றது குதிரையிலிருந்து. நம்மூர் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஆனது, இதற்கு உதவாது. பில்லைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு குப்பிக்கே ஆயிரக்கணக்கில் டாலர், எனக்குப் பல குப்பிகள் ஏற்றினார்கள். வீடு திரும்பிய பிறகும் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைகிறதா என்று இரண்டு மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள்.

ஜெர்சி சிட்டி:

குட்டிக்குத்தான் விஷத்தை அடக்கத் தெரியாது, அதனால் ஆபத்து அதிகம் என்கிறார்களே?

டூசான்வாசி:

அது வெறும் பேச்சு. பெரிய பாம்பின் பையில்தான் விஷம் அதிகம், கடித்தால் ஏறுவதும் அதிகம். அதற்காகக் குட்டியிடம் விளையாட வேண்டாம். வாலில் ஒரே ஒரு பொத்தானோடு பிறக்கும், இரண்டாவது அடுக்கு வரும்வரை சத்தம் போடவே முடியாது.

ஹட்சன் கரை:

குட்டி என்றதும் ஞாபகம் வந்தது. நியூயார்க் மாநிலத்து ஹாரிமன் பூங்காவில் ஒரு ஆகஸ்ட் மாதம். வெயில் விழும் பாறைமேல் மூன்று டிம்பர் ராட்டில் பாம்புகள், வயிறு புடைத்துக் கிடந்தன. இவை முட்டையிடுவதில்லை, குட்டியாகவே ஈனும். ஈன்றபின் குட்டிகள் முதல் சட்டை உரிக்கும்வரை தாய் ஒரு வாரம் பத்து நாள் கூடவே இருக்கும். பாம்புக்குத் தாய்ப்பாசமா என்று சிரித்தவன்தான் நானும். இந்த இனத்தில் பெண் பாம்பு முதல்முறை ஈனவே ஏழெட்டு வயதுக்கு மேல் ஆகிறது. அதன்பிறகும் சில வருடத்துக்கு ஒருமுறைதான். ஒரு தாயை அடித்தால் அந்தப் பாறையே காலியாகிவிடும். நியூயார்க்கில் இதைக் கொல்வது சட்டப்படி குற்றம். டெக்சாஸில் ஸ்வீட்வாட்டர் ஊரிலோ 1958 முதல் வெஸ்டர்ன் டைமண்ட்பேக் பாம்புகளை ஆயிரக்கணக்கில் பிடித்துத் திருவிழாவே நடத்துகிறார்கள்.

ஃப்ரீமாண்ட் மாமி:

டூசான் தம்பி, உங்கள் பாம்பை ஆள் கூப்பிட்டுத் தூரமாய் விடவில்லையா?

டூசான்வாசி:

இல்லை மாமி. ரொம்பத் தூரம் கொண்டுபோய் விட்டால், தெரிந்த பொந்து எதுவும் இல்லாமல் அலைந்தே பல செத்துப்போகுமாம். பெரும்பாலும் உடம்பு நீளத்தில் பாதி தூரம்தான் அது பாயும். நாங்கள் நாலடி பின்வாங்கி, வேறு பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டோம்.

இந்த ஜூலையில் அதே ஓடையோரம் ஒன்றைப் பார்த்தேன், அதேதானா தெரியாது. காலை பத்தரை இருக்கும், மழை தூறியது. பொந்துக்குள் போவதற்குப் பதிலாக வெளியே வந்து, தட்டையாகச் சுருண்டு, முதுகில் தேங்கிய தண்ணீரைத் தானே உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் அசையாமல் பார்த்தேன். வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். அங்கே இரவு பதினொன்று. "அது பேச்சைக் காலைல பேசிக்கலாம், வை" என்று வைத்துவிட்டார்.