பெயர் மட்டும் வரமாட்டேங்குது

வயதான தன் அம்மாவின் மறதி பற்றி ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன், எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கிறோம், அப்பாவுக்கு 76. மாடி வீட்டுக்காரர் பெயர் அவர் வாயில் வரவே வராது. "அதாம்ப்பா, பையன் கனடாவுல, தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்பினாங்களே, அந்தக் கறுப்பு ஸ்கூட்டர்..." என்று ஜாதகமே வரும், பெயர் மட்டும் தொண்டையில் நிற்கும். ஆனால் குறுக்கெழுத்தில் உட்கார்ந்தால் என்னால் அவரைப் பிடிக்க முடியாது.

இது முரண்பாடே இல்லையாம். டெபோரா பர்க், டொனால்ட் மெக்கே என்ற உளவியலாளர்கள் சொல்வது இது: ஒரு சொல்லின் பொருள் பத்திரமாக இருக்கிறது, பொருளிலிருந்து ஒலிக்குப் போகிற தொடர்புதான் வயதானால் தளர்கிறது. ஆட்பெயருக்குப் பொருள் வழியாகக் கிடைக்கும் துணை குறைவு என்பதால் முதலில் நழுவுவது அதுதான். சொல்வளமோ அறுபது வயதைத் தாண்டியும் ஏறிக்கொண்டிருக்கும்.

புரிந்துகொள்வதிலும் மாற்றம் உண்டு. 1980இல் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான் என்கிற மாதிரி கோணல் வாக்கியங்களைப் படிக்கவைத்து மூளையின் மின்னலையைப் பதிவு செய்தார்கள். பொருந்தாத சொல் வந்து சுமார் 400 மில்லிவிநாடியில் ஓர் அலை தெரிந்தது. வயதானவர்களிடம் அந்த அலை சற்றுச் சிறியதாக, கொஞ்சம் தாமதமாக வருகிறது. அதாவது, வருகிற சொல்லை வாக்கியத்தோடு பொருத்திப் பார்ப்பது கொஞ்சம் மெதுவாகிறது. அப்பாவிடம் இது கண்கூடு. அல்சூர் மார்க்கெட்டில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்தடிக்கிற கடைக்காரரிடம் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசி ஜெயித்துவிடுவார், பேச்சு எதைப் பற்றி என்பது கையிலேயே இருக்கிறதே. அதே ஆள், டிவி ஓடும்போது என் பெண் படபடவென்று ஆரம்பித்தால் "ம், ம்" என்று தலையாட்டிவிட்டு நழுவிவிடுவார். காதும் பாதிக் காரணம், அதைச் சொன்னால் கோபம் வரும்.

பல மொழி பேசுவது நல்லது என்கிறார்களே, அதற்கு ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது: இருமொழிக்காரர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் சராசரியாக நாலரை வருடம் தள்ளி வந்திருந்தது. எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அப்பாவிடம் இதை நான் ரொம்பப் பெருமையாகச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பெயர் வராதது வேறு. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே "இது எதுக்கு?" என்று கேட்டால் அது வேறு, தள்ளிப்போடாமல் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், நம்ம பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையே இருக்கிறது.