நிலத்துக்கு எடுத்துப்போக விலை குறைந்த சின்னக் கைத்துப்பாக்கி: எது வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில் போன வருஷம் ஐந்து ஏக்கர் நிலம் வாங்கினோம். சனி, ஞாயிறு வந்தால் வேலி வேலை, புதர் வெட்டு என்று அங்கேதான் இருப்பேன். போன வாரம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கையை விடப்போன நேரத்தில் கிலுகிலுவென்று சத்தம். ரேட்டில்ஸ்நேக். மெல்லப் பின்வாங்கிவிட்டேன். பாம்பைக் கண்டால் விலகிப்போவதுதான் சரி, தெரியும். ஆனாலும் ஆள் நடமாட்டம் இல்லாத இடம், பாக்கெட்டில் ஒன்று இருந்தால் தைரியம்.

400 டாலருக்குள் பார்க்கிறேன். முதலில் மனதில் வந்தது ரூகர் எல்சிபி. .380 தோட்டா, தோட்டா அடுக்கும் மேகசினில் 6, எடை 270 கிராம்தான். ஆனால் பாம்புக்கென்று விற்கும் பொடிக்குண்டுத் தோட்டாவைப் போட்டால் இந்த மாதிரி செமி ஆட்டோமேட்டிக்கில் அடுத்த தோட்டா சரியாக ஏறாமல் சிக்கிக்கொள்ளும் என்கிறார்கள். ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. டபுள் ஆக்‌ஷன் வகையாக இருந்தால், ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் மறுபடி விசையை இழுத்தால் போதும். அதனால் .22 ரிவால்வர் பக்கம் மனம் சாய்கிறது. பழையது கிடைத்தாலும் சரி.

இன்னொரு கவலை வியர்வை. நண்பர் ஒருவர் கோடை முழுக்க உறையில்லாமல் பாக்கெட்டில் வைத்திருந்தார். திருகுத் தலையெல்லாம் பழுப்பாகத் துரு, குழல் வாயில் பஞ்சு பஞ்சாகத் துணித்தூசி. இந்த வெயிலில் துரு பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெய் போடுகிறீர்கள்?

அப்புறம், வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான். காரில் வைக்க, சட்டென்று திறக்கக்கூடிய நல்ல பூட்டுப்பெட்டி எதுவென்றும் சொல்லுங்கள்.