செக்‌ஷன் 8 வவுச்சரை வீட்டுக்காரர் மறுக்கலாமா? (டல்லாஸ்)

டல்லாஸ்_மாமி: என்னோடு கடையில் பில் போடும் பெண்ணுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்து செக்‌ஷன் 8 வவுச்சர் (குறைந்த வருமானக் குடும்பத்துக்கு மத்திய அரசு தரும் வாடகை உதவி) வந்திருக்கிறது. இரண்டு பிள்ளைகள். போன் போட்டால் வாடகை, பார்க்கிங் வரை தேனாகப் பேசுகிறார்கள். வவுச்சர் என்றதும் "வீடு காலியில்லை". இது சட்டப்படி சரியா?

வக்கீல்_குமாஸ்தா: டெக்சஸில் சரிதான். வவுச்சரை ஏற்கச் சொல்லி நகரங்கள் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 2015-லேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டது, முன்னாள் ராணுவத்தினரின் வவுச்சருக்கு மட்டும் இந்தத் தடையிலிருந்து விலக்கு. நியூஜெர்சியாக இருந்தால் புகார் கொடுக்கலாம்.

பிளேனோ_ராஜு: நான் வவுச்சரில் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வருமானத்தில் சுமார் 30 சதவீதம் குடித்தனக்காரர் தருவார், மீதி ஹவுசிங் அத்தாரிட்டியிலிருந்து (வவுச்சரை நடத்தும் உள்ளூர் அரசு அமைப்பு) நேரே நம் கணக்குக்கு வரும். ஆனால் குடிவருமுன் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. சமையலறையில் ஒரு பிளக் பாயிண்ட் ஆடியதற்கே எனக்கு ஃபெயில் போட்டார்கள். மறுபடி வந்து பார்க்கும்வரை வீடு சும்மா கிடந்தது. அந்த எரிச்சல் நியாயம், மற்றதெல்லாம் சாக்கு.

சுமதி_டி.எக்ஸ்: மாமி, முதலில் வவுச்சரில் கடைசித் தேதியைப் பாருங்கள். வீடு தேடக் குறைந்தது 60 நாள் தருவார்கள். முடியுமுன்னே எழுத்தில் நீட்டிப்புக் கேட்கணும், இல்லாவிட்டால் போச்சு. தகுதியுள்ள நாலு குடும்பத்தில் ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் வாடகை உதவியே கிடைக்கிறது! அப்புறம், டல்லாஸில் ஜிப் கோடு (அஞ்சல் குறியீடு) வாரியாக வவுச்சருக்கான வாடகை வரம்பு மாறும். நல்ல பள்ளி உள்ள பக்கமும் தேடச் சொல்லுங்கள்.

டல்லாஸ்_மாமி: ஜிப் கோடு விஷயம் அவளுக்கும் தெரியாது. ராஜு, உங்கள் வீடு எப்போது காலியாகும்?