ஊர் ஞாபகம் உங்களை எந்த இடத்தில் பிடித்தது?

நெல்லைக்காரி

சித்தி மகள் பிப்ரவரியில் மெல்போர்னுக்குப் படிக்கப் போகிறாள். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாச்சு, பெட்டி கட்டுவதுதான் பாக்கி. முந்தாநாள் நடுராத்திரி அவளிடமிருந்து மெசேஜ்: "அக்கா, அங்க போனா ரொம்ப அழுகை வருமா?" வராது என்று எழுதினேன், அழித்தேன். வரும் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் ஒரு ஸ்டிக்கரை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி, ஆகன். வந்த முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை. முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் என்று அலைந்ததில் அழ நேரமில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தது. அன்றைக்கு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். ஊருக்கும் எனக்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் தூங்கி எழுந்தபோது நாலரை ஆகியிருந்தது. நான் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறேன், ஊர் மட்டும் என்னைக் கேட்காமல் தள்ளிப் போய்விட்டது.

ஞாயிறு என்பதால் கடை கிடையாது. ஹாஸ்டல் வராண்டாவில் ஒரு ஈ காக்கா இல்லை. பகல் பன்னிரண்டரைக்கு அம்மாவுக்கு அடித்தேன். ஊரில் சாயங்காலம் ஐந்து. பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, திங்கட்கிழமை இட்லிக்கு. எங்கள் வீட்டுக் கிரைண்டருக்கு ஒரு வியாதி உண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை "டொக்" என்று தட்டும். ஊரில் இருந்தவரை அந்தச் சத்தத்துக்காக அம்மாவோடு எத்தனை சண்டை! பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று கத்தியிருக்கிறேன். அன்றைக்கு அந்த "டொக்"கை எண்ணிக்கொண்டே பேசினேன். அம்மா, "இருடி, ஒண்ணும் கேக்க மாட்டேங்கு" என்று போய் நிறுத்திவிட்டாள்.

அவ்வளவுதான். நிறுத்தியதும் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் அழுகை வந்தது. அம்மாவுக்குப் பயம். சாப்பிட்டியா, காய்ச்சலா, யாரும் திட்டினாங்களா? "கிரைண்டரைப் போடும்மா" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் எழுத? உங்களுக்கு எது, எப்படி நடந்தது?

ஏசி மெக்கானிக்

தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. கிரைண்டருக்கா அழுதீங்க என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் என் கதையை நினைத்தால் அதுவும் சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

துபாய், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப். கூடப் பிறந்த தங்கைக்குக் கல்யாணம். லீவு தரவில்லை. அந்தக் கதை வேண்டாம், இங்கே பாதிப் பேருக்கு அந்தக் கதை உண்டு. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், அதாவது நாலரையிலிருந்து ஆறு. கேம்ப் பஸ் ஐந்துக்கு. பஸ்ஸில் உட்கார்ந்து போட்டிம் ஆப்பில் கூப்பிட்டேன். (வாட்ஸ்அப்பில் கால் இங்கே போகாது என்பது தெரியுமே.) ஊரில் போன் அக்கா பையன் கையில். எட்டு வயசு. மணவறை, அப்பா, பட்டுப்பாய், ஐயர் எல்லாம் ஒழுங்காகத்தான் காட்டினான். அட்சதைத் தட்டு வந்தது. அவனுக்கும் போட வேண்டுமே! இரண்டு கையும் வேண்டும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கெட்டிமேளம் முழுக்க எனக்கு இருட்டுதான். தவில் அடி அவன் நெஞ்சு வழியாக வருகிற மாதிரி ஒரு சத்தம். "டேய், டேய்" என்று கத்தினேன், பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். பக்கத்து சீட்டில் ஒரு பீகார் பையன். "ஷாதி?" என்றான். ஆமாம் என்றேன். ஒரு இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே அல் கூஸ் வரை போனோம்.

ஆல்பம், வீடியோ எல்லாம் பிறகு பார்த்தாயிற்று. ஆனாலும் தங்கச்சி கல்யாணம் என்றால் எனக்கு அந்தச் சட்டைப் பைதான். பையனுக்கு இன்றைக்குவரை இது தெரியாது. சொன்னால் வருத்தப்படுவான்.

பதினோரு குளிர்காலம்

ஸ்டாக்ஹோம். முதல் வருடம் டிசம்பரில் ஒருநாள் ஏர்லாண்டா விமான நிலையத்துக்குப் போய்ச் சும்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். யாரையும் வழியனுப்பவில்லை, யாரையும் கூப்பிடவும் போகவில்லை. என் கதை அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தங்கைக்குச் சில விஷயங்கள். முதலில் இது புதிய வியாதி இல்லை. 1688-இல் பாசெல் நகரத்தில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டையே இதைப் பற்றித்தான் எழுதினார். "நாஸ்டால்ஜியா" என்ற பெயரை வைத்தவரே அவர்தான். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். பெர்ன் நகரத்துப் பையன் ஒருவன் பாசெலுக்குப் படிக்க வந்து படுத்த படுக்கையாகி, ஊருக்கு வண்டி ஏற்றியதும் வழியிலேயே தேறத் தொடங்கினானாம். பெர்னுக்கும் பாசெலுக்கும் இன்றைக்கு ரயிலில் ஒரு மணி நேரம்! ஆக தூரம் பெரிய விஷயமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

அடுத்து, சாப்பாடு. வாய் பழகினால் மனசு பழகும். இட்லி மாவு குளிரில் பொங்காது. ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க மாவை அதற்குள் வைக்க வேண்டும். பாத்திரத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் காலையில் ஓவனைக் கழுவுவதே வேலை. கருவேப்பிலையைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செடி, இலை, பழம் எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. பால்கோவா, நெய்யும் கூடாது. அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுத்ததைச் சுங்க அதிகாரி தொட்டியில் போடுவதைப் பார்த்துவிட்டு ஊருக்குள் நுழைவது நல்ல தொடக்கமில்லை.

அப்புறம் போன். தினமும் வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. தினமும் பேசுகிறவர்களுக்கு உடம்பு இங்கே, மனசு அங்கே. வாரம் ஒருமுறை, நேரம் குறித்துக்கொண்டு. மற்ற நாட்களில் வெளியே போய் நாலு பேரைப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் மதியம் மூன்றுக்குள் இருட்டிவிடும், அதனால் பகல் வெளிச்சம் இருக்கும்போதே நடந்துவிட்டு வர வேண்டும். கனமான கோட் ஊரில் வாங்க வேண்டாம்.

ஏசி மெக்கானிக்

அண்ணே, அந்தப் பிள்ளை மெல்போர்ன் போகுது. பிப்ரவரியில் அங்கே வெயில் கொளுத்தும்.

பதினோரு குளிர்காலம்

சரி, கோட் வேண்டாம். ஆனால் ஆஸ்திரேலியாவில் சுங்கக் கெடுபிடி இன்னும் அதிகம். விமானத்தில் தருகிற அட்டையில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று டிக் போட்டுச் சொல்லிவிட வேண்டும். ஊறுகாய், பொடி என்று அலட்சியமாக விட்டால் அபராதம்.

கிணத்தடி

நான் கனடா, ஸ்காபரோ. மேலே ஐயா எழுதினதை இரண்டு தரம் வாசிச்சன். ஊருக்கு அனுப்பினால் சுகம் வந்திடும் எண்டு முந்நூறு வருசத்துக்கு முன்னமே கண்டுபிடிச்சவையாம். நல்ல மருந்துதான். போறதுக்கு ஊர் இருக்கவேணும்.

எங்கட ஊர் யாழ்ப்பாணத்தில மயிலிட்டி. 1990 ஆனியில வெளிக்கிட்டனாங்கள். ரெண்டு நாளில திரும்பலாம் எண்டு கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுத்தான் வந்தனாங்கள். பிறகு அது முழுக்க ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயம். ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது. 2017 ஆடியில துறைமுகப் பக்கத்தை விட்டவை. இருபத்தேழு வருசம். எங்கட காணியும் அதுக்குள்ள வந்தது. மச்சான்தான் முதல் ஆளாய்ப் போய்ப் படம் எடுத்து அனுப்பினவன்.

நான் இரவு வேலை முடிச்சு பஸ்ஸுக்கு நிண்டனான். படத்தில பத்தை, பத்தை, பத்தைதான். வீடு இல்லை. அத்திவாரம் எங்க எண்டும் தெரியேல்லை. வேற ஆற்றையோ காணியைப் படம் எடுத்திட்டான் எண்டு நினைச்சன். கடைசிப் படம் கிணறு. கிணத்துக்கட்டு புதுசாய்க் கட்டேக்க, சீமெந்து காயமுதல் நான் விரலால 1984 எண்டு எழுதி அப்புவிட்ட அடி வாங்கினனான். ரெண்டு விரலால படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தன். 19 இல்லை, உடைஞ்சு போச்சு. 8 இருக்கு. 4 இருக்கு. என்ர கையெழுத்துத்தான், அந்த நாலை நான் இப்பவும் அப்பிடித்தான் எழுதுறனான். பஸ் வந்தது. போனது. அடுத்த பஸ்ஸையும் விட்டிட்டன்.

தினமும் கோல் எடுக்கக்கூடாது எண்டு எழுதியிருக்கிறியள். ஐயா, நாங்கள் வந்த நேரம் மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தாலே பெரிய விசயம். அதுவும் வராமல் ஆமி அடிச்சதாம், இடம்பெயர்ந்ததாம் எண்டு ரேடியோவில கேட்டுக்கொண்டு இருந்தனாங்கள். கூப்பிட ஆள் இருந்தால் கூப்பிடுங்கோ, பிள்ளை. ஒரு நாளைக்கு மூண்டு தரம் கூப்பிடுங்கோ. ஒருத்தரும் கணக்கு வைக்கப் போறதில்லை.

பதினோரு குளிர்காலம்

உங்கள் நிலைமை வேறு, அதை நான் மறுக்கவில்லை. நான் சொன்னது படிக்கப் போகிறவர்களுக்கு. மன்னியுங்கள், அந்த மருந்து விஷயத்தை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

பாதிப் பெட்டி

எனக்கு ஏங்குவதற்கே உரிமை இல்லாத மாதிரி பேசுவார்கள். "சிங்கப்பூர்தானே? திருச்சிக்கு நாலு மணி நேரம். சென்னையிலிருந்து பஸ்ஸில் வருகிற நேரம்கூட இல்லை." உண்மைதான். வருடத்துக்கு இரண்டு தடவை போய்க்கொண்டிருந்தேன், பாதிப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் வாழையிலை முதல் வேப்பம்பூ வரை கிடைக்கும். எனக்கு ஊர் ஞாபகமே வந்ததில்லை என்று பெருமையடித்துக்கொண்டிருந்த ஆள் நான்.

கொரோனாவில் இரண்டு வருடம் போக முடியவில்லை. 2022 ஏப்ரலில் போனேன். என் அறையில் மூன்று அரிசி மூட்டை. கட்டில் மாடிக்குப் போய்விட்டது. அதெல்லாம் ஒன்றுமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். மறுநாள் காலையில் அம்மா காபி கொண்டுவந்தாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அடிநெளிந்த பழைய எவர்சில்வர் டம்ளர்கள். என்னுடையது அக்கா கல்யாணத்துக்கு வந்தது, பெயர் வெட்டியிருக்கும். ஷோகேஸில் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் ஆறு இருக்கும், மாப்பிள்ளை வீட்டார், பேங்க் மேனேஜர் மாதிரியானவர்கள் வந்தால் எடுப்பதற்கு. அம்மா எனக்கு அதில் கொண்டுவந்தாள். சாஸரோடு.

ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டேன். என்ன சொல்வது? அவள் அன்பாகத்தான் தந்தாள். குடித்துவிட்டு நானே சமையலறையில் போய்க் கழுவி வைக்கப் போனேன், "நீ விடு, நீ விடு" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சிங்கப்பூரில் ஒருநாளும் வராத ஊர் ஞாபகம் எனக்கு ஊரில் வைத்து வந்தது, சமையலறை வாசலில் நின்றுகொண்டு.

மறுநாள் என் டம்ளரைப் பரணில் தேடி எடுத்துத் தேய்த்து, அடுப்புப் பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். அம்மா கவனித்தாளா, தெரியாது. அதற்கடுத்த நாள் காபி அதில் வந்தது.

நெல்லைக்காரி, அந்தப் பெண்ணிடம் அழுகை வரும் என்றே சொல்லுங்கள். எப்போது என்று மட்டும் சொல்ல முடியாது. ஏர்போர்ட்டில் வரும் என்று எல்லோரும் டிஷ்யூவோடு போகிறார்கள், அங்கே பெரும்பாலும் வருவதில்லை. எடை அதிகம் என்று பெட்டியைத் திறந்து மூடுவதிலேயே நேரம் போய்விடும்.

நெல்லைக்காரி

எல்லோருக்கும் நன்றி. கிணத்தடி அண்ணா, உங்களுடையதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் ஒன்றும் எழுதவில்லை.

தங்கைக்கு இந்த முழுப் பக்கத்தையும் அனுப்பிவிட்டேன். "கடைசியில யாருமே வராதுன்னு சொல்லலியே அக்கா" என்றாள். அப்புறம் ஒரு சிரிக்கிற பொம்மை. ஊறுகாய் விஷயத்தை மட்டும் சித்தியிடம் சொல்லச் சொன்னாள், ஏற்கெனவே நாலு பாட்டில் கட்டியாச்சாம்.

நேற்று ஞாயிறு. ஒரு தைரியத்தில் அம்மாவிடம் ஜலதோஷக் கதையை உடைத்துவிட்டேன். "கிரைண்டருக்கா அழுத? கோட்டிக்காரி" என்று சிரித்தாள். சரி, இப்பப் போடு, கேக்கேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கிரைண்டர் ஓடுவதில்லையாம், ஆறு மாதமாக. கடையில் மாவு பாக்கெட் வாங்குகிறார்களாம். "ரெண்டு பேருக்கு எதுக்கு அரைக்கணும்?" என்னிடம் சொன்னால் வருத்தப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

ஏசி மெக்கானிக்

தங்கச்சி, பெல்ட்டாகத்தான் இருக்கும். சுவிட்ச் போட்டால் மோட்டார் ஓடுகிறதா, கல் மட்டும் சுற்றவில்லையா என்று அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்க. மோட்டார் ஓடினால் பெல்ட் மாற்றினால் போதும், பெரிய செலவில்லை. மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்றால் கப்பாசிட்டராக இருக்கலாம். அந்த "டொக்" பற்றி மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டாம், சரி செய்து வைத்துவிடுவான்.