புதுப்பிப்பு: இடது காதும் பாடத் தொடங்கிவிட்டது

சென்ற வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: புது இயர்பட்ஸில் வலது பக்கம் மட்டும் பாடுகிறது, வீட்டுக்கு வந்தால் அதுவும் தானாகத் துண்டித்துக்கொள்கிறது. புதிதாக வாங்கிவிடுங்கள் என்றவர்களுக்கு வணக்கம், செலவு மிச்சம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரன். நாள் முழுவதும் சட்டைப் பையில் கிடந்த பெட்டிக்குள் பஞ்சுத் தூசி புகுந்து, சார்ஜ் ஏற்றும் உலோக முனைகளை மூடியிருந்தது. இடதுக்குச் சார்ஜே ஏறவில்லை! ஈரமில்லாத மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பஞ்சுக் குச்சியால் துடைக்கப் போய் இன்னும் கொஞ்சம் பஞ்சைச் சேர்த்த கதை தனி.

பிறகு போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து அதை நீக்கி, இரண்டையும் பெட்டியில் வைத்து, விளக்கு மின்னும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்து, மறுபடி இணைத்தேன்.

வீட்டுச் சிக்கலுக்குக் காரணம் என் பழைய போன். அது இப்போது அப்புச்சியிடம் (அம்மாவின் அப்பா) இருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் இயர்பட்ஸ் பழைய பாசத்தில் அங்கே ஓடியிருக்கிறது. "பாட்டுப் போட்டால் சத்தமே வருவதில்லை கண்ணு" என்று அவர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்; நான்தான் காதில் வாங்கவில்லை. அதன் ப்ளூடூத்தை அணைத்தேன், இருவர் குறையும் தீர்ந்தது.

வைஃபை பெட்டி அருகில் மட்டும் இன்னும் லேசாகக் கரகரக்கிறது. என் வைஃபையும் ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குபவை. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்க்கப் போகிறேன்.