கொம்பி பொயிலர் பத்துதில்லை, வீட்டில கைக்குழந்தை – நாங்களே என்ன பாக்கலாம்?

ஹரோ தங்கச்சி
வணக்கம். லண்டன் ஹரோவில வாடகை வீட்டில இருக்கிறம். இரவு நல்லா வேலை செய்துகொண்டிருந்த கொம்பி பொயிலர், விடிய எழும்பிப் பாக்க நிண்டுபோய்க் கிடக்கு. ரேடியேற்றர் ஒண்டும் சுடேல்லை, குழாயிலயும் பச்சைத்தண்ணிதான் வருது. ரீசெற் பட்டனை அமத்தினால் உள்ளுக்க காத்தாடி சுத்துற சத்தம் கேக்குது, பிறகு டிக் டிக் எண்டு பொறி தட்டுது, ஆனால் நெருப்புப் பிடிக்குதில்லை. கொஞ்சத்தால சிவப்பு லைட் எரிஞ்சு கோட் ஒண்டு காட்டுது. புத்தகத்தில பாத்தன், பத்தவைக்க முடியேல்லை எண்டதுக்கான கோட்தான் அது. லான்ட்லோட் போன் எடுக்கிறார் இல்லை. ஆறு மாதப் பிள்ளையும் மாமியும் வீட்டில. மாமிக்கு ஆஸ்துமா. ஆராவது சொல்லுங்கோ.

ஈஸ்ட்ஹாம் மாமா
பிள்ளை, முதல் குசினி அடுப்பைப் பத்தவைச்சுப் பாருங்கோ. அடுப்பும் பத்தாட்டி பொயிலரில பிழை இல்லை, வீட்டுக்கு காஸே வரேல்லை. காசு ஏத்துற மீற்றரோ உங்களது? அப்பிடியெண்டால் இரவோட இரவா காசு முடிஞ்சிருக்கும். குளிருக்கு இரவு முழுக்கப் போட்டால் எவ்வளவு கெதியாய் முடியும் எண்டு எங்களுக்குத் தெரியும். காசு ஏத்தின பிறகும் சில மீற்றரில பட்டனை அமத்தினால்தான் காஸைத் திரும்பத் திறந்து விடும்.

வெம்பிளி காஸ்காரன்
நான் காஸ் சேஃப் (காஸ் வேலை செய்ய அனுமதி உள்ள ஆக்களின்ர பதிவேடு) பதிவு உள்ள என்ஜினியர். எல்லாத்துக்கும் முதல் ஒரு கேள்வி: காஸ் மணம் வருதோ? வந்தால் மீற்றருக்குப் பக்கத்தில இருக்கிற பிடியை பைப்புக்குக் குறுக்காத் திருப்பி மூடுங்கோ. யன்னல், கதவைத் திறவுங்கோ. லைட் சுவிச் ஒண்டையும் தொடாதேங்கோ. எல்லாரும் வெளியில வந்து நிண்டு 0800 111 999க்கு அடியுங்கோ. எந்த நேரமும் எடுப்பினம், காசில்லை.

மணம் இல்லையெண்டால் இதுகளைப் பாத்துச் சொல்லுங்கோ. பொயிலரில இருக்கிற அழுத்தமானி எவ்வளவு காட்டுது? பத்தவைக்கிற நேரம் கொள கொள எண்டு தண்ணி கொப்பளிக்கிற சத்தம் கேக்குதோ? பொயிலருக்கு அடியிலயிருந்து போற பிளாஸ்ரிக் பைப் எங்க போகுது, வீட்டுக்கு உள்ளயோ வெளியிலயோ?

கோட் ஒவ்வொரு கம்பனிக்கும் வேற. இதே பத்தாத விசயத்துக்கு வெய்லன்ற் எஃப் 28 எண்டு காட்டும், வூஸ்ரர் பொஷ் ஈ.ஏ எண்டு காட்டும். எதெண்டாலும் அது சொல்லுறது ஒண்டுதான்: "காஸைத் திறந்தன், பொறி தட்டினன், நெருப்பைக் காணேல்லை." ஏன் காணேல்லை எண்டு அது சொல்லாது.

ஹரோ தங்கச்சி
நன்றி அண்ணா. மணம் ஒண்டும் இல்லை. அடுப்பு நல்லா எரியுது, மீற்றர் மாதப் பில் வாறது. அழுத்தம் 1.2 பார் காட்டுது. நீங்கள் கேட்ட பிறகுதான் காது குடுத்துக் கேட்டன், ஓம், கொள கொள எண்டு சத்தம் வருது. வெள்ளைப் பைப் ஒண்டு சுவரால வெளியில போய் பின் வளவில தண்ணிக் கானுக்குள்ள இறங்குது. வெளியில எல்லாம் வெள்ளையா உறைபனி.

குறொய்டன் தம்பி
எங்கட வீட்டிலயும் இப்பிடி நடந்தது அக்கா. முன் மூடியைக் கழட்டி, பொறி தட்டுற கம்பியை மண்கடதாசியால தேச்சுப் பூட்ட சரிவந்திட்டுது. வீடியோவும் கிடக்கு.

வெம்பிளி காஸ்காரன்
தம்பி, நீங்கள் நல்ல மனசோட சொல்லுறியள், ஆனால் தயவுசெய்து இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. இந்தப் பொயிலர்களில முன் மூடி அழகுக்குப் பூட்டினது இல்லை. கனக்க மொடலில அந்த மூடியும் அதின்ர றப்பரும்தான் எரிஞ்ச புகை வீட்டுக்குள்ள வராமல் அடைச்சு வைச்சிருக்கு. திரும்பப் பூட்டேக்க றப்பர் கொஞ்சம் விலகினாலும் கார்பன் மொனொக்சைட் உள்ளுக்க வரலாம். அதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, சத்தி, தலைச்சுத்து எண்டு வர, தடிமன் எண்டு நினைச்சுப் படுத்திடுவினம். அந்த வீட்டில ஆறு மாதப் பிள்ளை இருக்கு.

தங்கச்சி, அழுத்தம் சரியாத்தான் இருக்கு. நீங்கள் சொன்னதை வைச்சுப் பாக்க, வெளிப் பைப் உறைஞ்சுபோச்சு எண்டுதான் நான் நினைக்கிறன். இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பூட்டினது அநேகமா எல்லாம் கொன்டென்சிங் பொயிலர். புகையில இருக்கிற நீராவியைக் குளிரவைச்சு அந்தச் சூட்டையும் எடுக்கும். நீராவி தண்ணியாகி, கொஞ்சம் கொஞ்சமா அந்த வெள்ளைப் பைப்பால வடியும். சொட்டுச் சொட்டா வாற தண்ணி மெல்லிய பைப்பில உறையச் சுணங்காது. உறைஞ்சு அடைச்சால் வடிய வழியில்லாமல் தண்ணி பொயிலருக்குள்ளயே திரும்பி ஏறும். அதுதான் நீங்கள் கேட்ட கொள கொள. காத்தாடி சுத்துது, பொறி தட்டுது, ஆனால் புகை போற பாதையில தண்ணி நிக்கிறதால நெருப்பு நிக்காது. நெருப்பைக் காணாட்டி சில செக்கனிலயே காஸை மூடிப்போட்டு பொயிலர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். உங்களைக் காப்பாத்தத்தான் அது அப்பிடிச் செய்யுது. அதால ரீசெற்றை விடாமல் அமத்திக்கொண்டு இருக்க வேண்டாம்.

செய்யவேண்டியது இதுதான். பொயிலரை நிப்பாட்டுங்கோ. வெளியில பைப் முழங்கை மாதிரி வளையிற இடங்களையும், கானுக்கு மேல முடியிற நுனியையும் முதல் பாருங்கோ, அங்கதான் கூட உறையும். ஹொட் வோட்டர் போத்தல் இருந்தால் அந்த இடத்தில சுத்திப் பிடியுங்கோ. இல்லாட்டி அடுப்பில தண்ணியைச் சூடாக்கி, கை பொறுக்கிற சூட்டில மேலயிருந்து மெல்ல மெல்ல ஊத்துங்கோ. கொதிதண்ணி ஊத்தவே வேண்டாம், பிளாஸ்ரிக் வெடிக்கும். ஊத்தின தண்ணி நிலத்தில திரும்ப உறையும், உப்புப் போடுங்கோ, மாமியை அந்தப் பக்கம் விடாதேங்கோ. பைப் எட்டாத உயரத்தில எண்டால் ஏணி வைச்சு ஏற வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கோ. பைப்பால தண்ணி ஓடத் தொடங்கினாப் பிறகு பொயிலரைப் போட்டு ஒருக்கா ரீசெற் பண்ணுங்கோ.

ரூட்டிங் அக்கா
அதுவரைக்கும் ஒரு அறையில எல்லாரும் இருங்கோ, கரண்ட் ஹீற்றர் இருந்தால் அங்க மட்டும் போடுங்கோ. குளிருக்கு எண்டு காஸ் ஓவனைப் பத்தவைச்சுத் திறந்து வைக்கிறது, பாபகியூ அடுப்பை உள்ள கொண்டுவாறது ரெண்டும் வேண்டவே வேண்டாம். ஊரில அடுப்படியில குளிர் காஞ்ச நினைப்பில பெரியாக்கள் செய்வினம். இஞ்சத்தே வீடுகள் எல்லாம் அடைச்ச வீடுகள்.

ஹரோ தங்கச்சி
பத்தியிட்டுது!! இவர் போத்தலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், நான் தண்ணி ஊத்தினன். நுனியிலயிருந்து விரல் நீளத்துக்கு ஐஸ் கட்டி ஒண்டு விழுந்துது, பிறகு ஒரு வாளித் தண்ணி ஓடியிருக்கும். ரீசெற் பண்ண ரெண்டாம் தரம் பொறி தட்டேக்கயே பிடிச்சிட்டுது. ரேடியேற்றர் சுடுது. அண்ணா, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. ஆனால் இண்டைக்கு இரவும் சைபருக்குக் கீழயாம். திரும்ப உறையுமோ?

வெம்பிளி காஸ்காரன்
சந்தோசம் தங்கச்சி. உறையலாம். இண்டைக்கு இரவு தேமோஸ்ரற்றைக் கொஞ்சம் குறைச்சு, ஆனால் நிப்பாட்டாமல் ஓடவிடுங்கோ. வெளிப் பைப்புக்கு பழைய துவாயைச் சுத்தி அதுக்கு மேல பிளாஸ்ரிக் பையைக் கட்டுங்கோ, துவாய் நனையக்கூடாது. நுனியை மட்டும் மூடாதேங்கோ. இது இண்டைய இரவுக்கு மட்டும்தான். சரியான வேலை எண்டால், வெளியில ஓடுற பைப்பை 32 மில்லிமீற்றருக்கு மாத்தி, நல்ல சரிவு வைச்சு, மழை நனையாத உறை போடவேணும். ஏலுமெண்டால் பைப்பை வீட்டுக்குள்ளயே குசினி சிங்க் கழிவோட சேக்கிறதுதான் திறம். நான் போற வீடுகளில உறையிறது எல்லாம் 21.5 மில்லிமீற்றர் மெல்லிய பைப்தான்.

ரூட்டிங் அக்கா
அந்த வேலை லான்ட்லோட்டின்ர பொறுப்பு, உங்கட காசில செய்யாதேங்கோ. 1985 லான்ட்லோட் அன்ட் ரெனன்ற் சட்டத்தின்ர 11ஆம் பிரிவில வீட்டுச் சூடும் சுடுதண்ணியும் திருத்திக் குடுக்கிறது அவரின்ர கடமை எண்டு இருக்கு. போனில சொல்லுறதோட விடாமல் ஈமெயில் போடுங்கோ, ஐஸ் கட்டியின்ர படம், கோட் காட்டின படம் ரெண்டையும் சேருங்கோ. அதோட இந்த வருச காஸ் பாதுகாப்புச் சான்றிதழையும் கேளுங்கோ, வருசத்துக்கு ஒருக்கா செக் பண்ணி உங்களுக்குப் பிரதி தரவேணும். பொயிலர் இருக்கிற அறையில கார்பன் மொனொக்சைட் அலாரமும் 2022 ஒக்ரோபரிலயிருந்து இங்கிலாந்து வாடகை வீடுகளுக்குக் கட்டாயம். மறுமொழி இல்லாட்டி கவுன்சிலுக்கு அறிவியுங்கோ.

ஹரோ தங்கச்சி
அலாரம் இல்லை அக்கா. ஈமெயில் இப்பவே எழுதுறன். அலாரத்தை மட்டும் அவருக்காகக் காத்திருக்காமல் இண்டைக்கே வாங்கப்போறம். துவாய் சுத்தியாச்சு.

வெம்பிளி காஸ்காரன்
நல்லது. வாற என்ஜினியரிட்ட காஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கோ. பின்பக்கம் அவர் என்னென்ன வேலை செய்யலாம் எண்டு இருக்கும், பொயிலர் அதில இருக்கவேணும். வெக்கப்படாமல் கேளுங்கோ, என்னட்டக் கேட்டாலும் நான் காட்டுவன்.